பெரியக்காவின் இடுப்பு வலி

தருமபுரி
ஞாயிறு மாலை

அன்புள்ள குண்டுமல்லிக்கு,

உன் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்து விட மறந்துவிடாதே. சின்னவனின் காலேஜ் விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம். மாம்பழக் கூடை பத்திரமாக வந்து சேர்ந்தது. வாத்தியார் வீட்டுப் பங்கும் போய்விட்டது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

இந்தக் கடிதம் பெரியக்காவுக்காக. நேற்று பாலக்கோட்டிலிருந்து பட்டுக்கூடு விற்க அங்காடிக்கு வந்தவர், அப்படியே என்னிடமும் வந்தார். வலது இடுப்பில் வலி, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்று, அடுத்த வாரம் மூன்றாவது என்றார். முதல் ஊசியில் சில மாதம் சுகம், இரண்டாவதில் சில வாரம்தான். "அப்ப மூணாவது எதுக்குக்கா?" என்றால், "வேற என்ன பண்றது?" என்கிறார். வேறு நிறையச் செய்யலாம். அதைத்தான் எழுதுகிறேன். அவர் உன் பேச்சைத்தான் கேட்பார்.

ஒருவர் தேய்மானம் என்றாராம், இன்னொருவர் நரம்பு பிடித்திருக்கிறது என்றாராம். இரண்டும் இல்லை, இடுப்பின் வெளிப்பக்கத்துத் தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கிற நார், கெட்டுப்போனதுதான் என்று நான் எப்படிச் சொல்கிறேன் என்பதையும் கேட்டுக்கொள். வலி எங்கே என்றதும் உள்ளங்கையை இடுப்பின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பின் மேல் வைத்து, தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இழுத்துக் காட்டினார். இடுப்பு மூட்டே கெட்டிருந்தால் பெரும்பாலும் கை தொடை இடுக்குக்குத்தான் போகும். குனிந்து மெட்டி போடுவது, கால் நகம் வெட்டுவது எல்லாம் தடையில்லாமல் செய்கிறார். மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு முதலில் கஷ்டமாவது அதுதான். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி மூட்டைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறது. முதுகை முன்னும் பின்னும் வளைத்தாலும், காலை நேராகத் தூக்கினாலும் இந்த வலி வரவில்லை. முழங்காலுக்குக் கீழே மரத்துப்போவதோ மின்னல் மாதிரி இழுப்பதோ இல்லை. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்குத் தொடையின் முன்புறமும் வெளிப்புறமும் எரிந்து மரத்துப்போகும் ஒரு நரம்புத் தொல்லை உண்டு. அதுவும் இல்லை.

பிறகு அந்த எலும்பை விரலால் அழுத்தினேன். துள்ளிவிட்டார். அழுத்தினால் வலிப்பது மட்டும் போதாது, நல்ல இடுப்பிலும் சிலருக்கு அங்கே வலிக்கும். அழுத்தியும் வலிக்கவில்லையென்றால் இந்த நோய் இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். அதனால் சுவரில் ஒரு விரல் மட்டும் தொட்டுக்கொண்டு வலது காலில் 30 நொடி நிற்கச் சொன்னேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் இடது பக்க இடுப்பு மெல்ல இறங்கியது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது, பாதி நேரம்கூட ஆகவில்லை, "இதுதான், இந்த வலிதான்" என்று அதே இடத்தில் கை வைத்தார். தடுமாறுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை, அந்த இடத்தில் அந்த வலி வருகிறதா என்பதுதான் கேள்வி. அடுத்து மல்லாக்கப் படுத்தபடி முழங்காலை 90 டிகிரி மடக்கி, தொடையை இடப்பக்கம் சாய்த்து, பாதம் உள்ளே வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, என் கைக்கு எதிராகப் பாதத்தை வெளியே தள்ளச் சொன்னேன். அதிலும் அதே வலி. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வலது காலைத் தூக்கி நிறுத்த முடிகிறது, விழவில்லை. ஆகவே தசைநாணில் பெரிய கிழிசல் இருக்கும் என்று தோன்றவில்லை. எக்ஸ்ரே ஏற்கெனவே எடுத்திருக்கிறார், மூட்டு நன்றாக இருக்கிறது. எம்.ஆர்.ஐ.க்கு இப்போது காசைக் கொட்ட வேண்டாம்.

இடுப்பை நேராக நிறுத்துகிற பிட்டத் தசைகளின், அதாவது குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ் இரண்டின் தசைநாண்கள், கப்பியின் மேல் ஓடும் கயிறு போல அந்த எலும்பின் மேல் வளைந்து போய் ஒட்டுகின்றன. அவற்றின் மேலே ஐ.டி. பேண்ட் என்ற தடித்த பட்டை. கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் அந்தப் பட்டை இறுகி, தசைநாணை எலும்போடு சேர்த்து நசுக்குகிறது. நாள் முழுக்க நசுங்கினால் தசைநாண் கெட்டுப்போகும். முன்பெல்லாம் அந்த எலும்பின் மேல் மெத்தை போல இருக்கிற நீர்ப்பை வீங்கிவிட்டது என்று சொல்லி ஊசி போடுவார்கள். நீர்ப்பை மட்டும் தனியாக வீங்குவது அபூர்வம், மூல காரணம் பெரும்பாலும் தசைநாண்தான். 40 முதல் 60 வயதுப் பெண்களுக்குத்தான் இது அதிகம்.

அக்காவின் ஒரு நாளைக் கேட்டதும் எனக்குக் கோபமே வந்தது, அவர் மேல் இல்லை, இத்தனை பேர் பார்த்தும் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையே என்று. இலைக் கூடையை வலது இடுப்பில் வைத்துத்தான் தூக்குகிறார். புழுவுக்கு இலை போடும்போது வலது காலில் பாரம் போட்டு இடுப்பை வெளியே தள்ளி நிற்கிறார். வண்டியில் பின்னால் ஒருபக்கமாகக் கால்மேல் கால் பின்னி உட்காருகிறார். வெறும் தரையில் கோரைப்பாய் போட்டு ஒருக்களித்துப் படுக்கிறார். இது போதாதென்று யாரோ போனில் காட்டினார்களாம், முழங்காலைப் பிடித்து எதிர்த் தோளுக்கு இழுக்கிற ஸ்ட்ரெச்சை காலை மாலை செய்கிறார்! இழுக்கும்போது இதமாக இருக்கும், ஆனால் அது நசுக்குகிற நிலையேதான். அதை இன்றே நிறுத்தச் சொல். பூரிக்கட்டையால் அந்த எலும்பின் மேல் உருட்டுவதையும் நிறுத்தச் சொல். உடற்பயிற்சியைவிட முதலில் இதுதான் முக்கியம், இதைச் செய்யாமல் என்ன பயிற்சி செய்தாலும் பலன் நிற்காது.

படுக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வலப்பக்கம் படுத்தால் தரை எலும்பை அழுத்துகிறது. சரி என்று இடப்பக்கம் திரும்பினால் வலது கால் மேலிருந்து சரிந்து முன்னால் விழுகிறது, பட்டை இறுகுகிறது. அதனால்தான் "எந்தப் பக்கம் படுத்தாலும் வலிக்குது" என்கிறார். பாய்க்குக் கீழே ஜமக்காளத்தையும் ரஜாயையும் மடித்துப் போடு. இடப்பக்கம் படுக்கும்போது கெட்டியான இரண்டு தலையணை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளமாக. முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் தொங்கும், இடுப்பு திருகும். மல்லாக்கப் படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை.

நிற்கும்போது இரண்டு காலிலும் பாரம். நாற்காலியில் முழங்கால்கள் இடுப்பகலம் விலகி, இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில். எழும்போதும் முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு எழக்கூடாது. இலையைப் பாதிப் பாதியாகத் தூக்கட்டும். ஒரு கையில் வாளி தூக்க நேர்ந்தால் வலி உள்ள பக்கத்துக் கையில், அதாவது வலது கையில்தான். இடது கையில் தூக்கினால் வலது இடுப்புத் தசைக்கு இரட்டிப்பு வேலை. தடி மட்டும் நேர்மாறு, இடது கையில். இதை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், நீ நின்று பார்.

பயிற்சியை நான் இப்படித் தொடங்கியிருக்கிறேன். மல்லாக்கப் படுத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு தொடையையும் இடுப்பகலம் விட்டு ஒரு துண்டால் சுற்றிக் கட்டு. துண்டை வெளியே தள்ளுவதாக மெதுவாகத் தசையை இறுக்கி 10 நொடி. 5 முதல் 10 தடவை, காலையும் இரவும். முழு பலத்தில் நாலில் ஒரு பங்கு போதும். அக்கா துண்டு கிழிகிற மாதிரி தள்ளினார், அப்படிச் செய்தால் தொடையின் முன்பக்கத் தசை முந்திக்கொள்ளும், வேலை செய்ய வேண்டியது பின்னால் இருக்கிற தசை. அதோடு, முழங்கால் மடித்துப் படுத்து இரண்டு காலாலும் இடுப்பை மேலே தூக்குவது, 10 தடவை. பின்தொடை பிடித்துக்கொண்டால் குதிகாலை உடம்புக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கவும். உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, அதுவும் 10.

இரண்டு வாரம் இது நிம்மதியாகப் போனால் ஒரு படி மேலே போகலாம்: இடுப்பைத் தூக்கும்போது வலது காலுக்குக் கூடுதல் பாரம், தொடையில் ரப்பர் பேண்ட் கட்டிப் பக்கவாட்டில் நடப்பது, வாசற்படியில் ஏறி இறங்குவது. கடினமானவை வாரத்துக்கு மூன்று நாள் போதும். கண்ணாடி முன்னால் செய்யட்டும். இடுப்பு ஒருபக்கம் இறங்கக்கூடாது, முழங்கால் உள்ளே சாயக்கூடாது. சாய்ந்தால் படி உயரத்தைக் குறை. செய்யும்போது பத்துக்கு நாலு வரை வலித்தால் பரவாயில்லை. ஆனால் அன்று இரவுத் தூக்கமும் மறுநாள் காலையும் வழக்கத்தைவிட மோசமாகக்கூடாது. மோசமானால் நிறுத்த வேண்டாம், அளவைப் பாதியாக்கு. வலிக்குப் பயந்து படுத்துக்கொண்டால் தசை இன்னும் தளரும், ஒரே நாளில் சரிபண்ண நினைத்தால் தசைநாண் சினக்கும்.

ஊசி விஷயம். ஆஸ்திரேலியாவில் 204 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எப்படி நிற்பது, படுப்பது என்று சொல்லிக்கொடுத்துப் பயிற்சியும் தந்தவர்களில் 8 வாரத்தில் சுமார் 77 சதவீதம் பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஒரு ஊசி போட்டவர்களில் 58, சும்மா விட்டவர்களில் 29. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 79, 58, 52. வலியின் அளவை மட்டும் கேட்டபோது ஒரு வருடத்தில் பயிற்சிக்கும் ஊசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி கெட்டதென்று நான் சொல்லவில்லை, தூக்கமே இல்லாதவருக்கு ஒன்று போட்டு அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கலாம். பயிற்சியே இல்லாமல் மூன்றாவது போடுவதுதான் எனக்குப் பயம். ஸ்டீராய்டு திரும்பத் திரும்பப் போனால் தசைநாண் நலியும், அக்காவுக்கோ சர்க்கரை வேறு; ஊசி போட்ட சில நாள் அது எகிறும். டாக்டரிடம் அக்காவே, "மூணு மாசம் பயிற்சி செஞ்சு பார்த்துட்டு வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லட்டும். எந்த டாக்டரும் கோபிக்கமாட்டார். கரண்ட் வைக்கிறது, சூட்டு ஒத்தடம் எல்லாம் அந்த நேரத்து இதம், அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

ஒன்றை மட்டும் மனதில் வை. காய்ச்சல், உடல் மெலிவு, படுத்தாலும் உட்கார்ந்தாலும் குறையாத வலி, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை, தொடை இடுக்கில் வலி என்று எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

தீர்த்தமலை வேண்டுதலை இந்த வருடம் தள்ளிவைக்கச் சொல். அழுவார், தெரியும். அத்தனை படி ஏறி இறங்குவதற்கு அந்த இடுப்பு இப்போது தயாரில்லை. வீட்டு மாடிப்படியில் ஏறும்போது முதலில் இடது கால், இறங்கும்போது முதலில் வலது கால், கைப்பிடி இடது கையில். நடையை நிறுத்த வேண்டாம், பிரித்து நடக்கட்டும்.

அவ்வளவு தூரம் அடிக்கடி வர முடியாதென்றால் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தைப் பற்றி விசாரி. 2021-ல் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தானே, அதில் வீட்டுக்கே பிசியோதெரபி கொடுக்க வருகிறார்கள். என் குறிப்புச் சீட்டை அவர்களிடம் காட்டினால் போதும், அதே பயிற்சியைத் தொடருவார்கள்.

நீ பாலக்கோட்டுக்குப் போகும்போது மூன்று விஷயம் பார்த்து எழுது: அவர் வீட்டு நாற்காலியின் உயரம், வாசற்படியின் உயரம், புழு மனையில் தட்டு அடுக்கு அவர் இடுப்புக்கு மேலா கீழா. அதைப் பார்த்துத்தான் அடுத்த கட்டத்தை முடிவு செய்வேன். ஊசிக்குக் குறித்த நாள் வியாழக்கிழமை, அதற்குள் போய்விடு.

இப்படிக்கு,
உன் முதல் பெஞ்ச்