வள்ளியை மேடை ஏற விடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்த் திருவிழாக் குழுவினருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நீங்கள் 'வள்ளி திருமணம்' வைப்பது சந்தோஷம். கூத்து கோலோச்சுகிற நம் பக்கத்தில், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இந்த நாடகத்துக்கென்று மதுரைப் பக்கமிருந்து 300 கிலோமீட்டர் தாண்டி ஆட்களை வரவழைக்கிறீர்கள். அதற்கு நன்றி.

ஆனால் அண்மையில் ஓர் ஊரில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெயர் வேண்டாம். நாரதர் பாடிக்கொண்டிருக்கும்போதே மைக்கை நிறுத்தச் சொல்லிக் காவலர்கள் வந்தார்கள்; நிறுத்தியாயிற்று. வள்ளி மேடைக்கே வரவில்லை. பெண் வராமலே கல்யாணம் முடிந்தது. 'பாதி நாடகம்தானே' என்று விழாக் குழுவினர் சம்பளத்திலும் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

காவலர்களை நோவதில் பயனில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற விதி. திருவிழாக்களுக்கு 12 மணி வரை அதைத் தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. இதெல்லாம் தெரிந்தே நோட்டீசில் 'இரவு 10 மணியளவில்' என்று அச்சடிக்கிறீர்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நாடகத்தை மாலை 6.30-க்குத் தொடங்குங்கள்.

10 மணிக்குத் தொடங்கினால் என்ன ஆகும்? முதலில் பபூன் என்கிற கோமாளி, அடுத்து டான்ஸ்காரருடன் அவர் செய்யும் காமிக், பிறகு முருகனும் நாரதரும். வள்ளி தினைப்புனத்துக்கு வந்து, கிளி விரட்டும் ஆலோலம் பாட நள்ளிரவு தாண்டிவிடும். நாடகத்தின் உயிர் அதற்குப் பிறகுதான்: வேடனாக வந்த முருகனோடு வள்ளி செய்யும் தர்க்கம், தினைமாவு தின்று விக்கலெடுக்கும் கிழவர், அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்டுவது. சிரிப்பும் காதலும் அங்கேதான் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை.

வள்ளியாக வரும் அந்த ஸ்திரீபார்ட் (கதாநாயகி) நடிகையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அரிதாரம், சவுரி, நகை, சேலைக்கட்டு எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். 9 மணிக்கெல்லாம் தயாராகிவிடுவார். அதன்பின் மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைப்பில் இரும்பு நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தால் சவுரி கலையும், சாய்ந்தால் அரிதாரம் அழியும். பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். விடிய விடியப் பாட வேண்டிய தொண்டை அது. இத்தனையும் பொறுத்தவரிடம், 'நீங்கள் மேடை ஏறவே இல்லையே' என்று சம்பளத்தில் கை வைப்பது எந்த ஊர் நியாயம், ஐயா?

பனியையும் மறந்துவிடுகிறீர்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தை மாதத்தில் கூரையில்லாத மேடையில் மிருதங்கத் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும், சுருதி இறங்கும். ஆர்மோனியமோ இருந்த இடத்திலேயே நிற்கும். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாகப் பாட்டுக்குப் பாட்டு விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பார். 6.30-க்குத் தொடங்கி, மேலே ஒரு பந்தலும் போட்டால் இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

நேரம் போதாது என்பீர்கள். போதும். கடவுள் வாழ்த்து கால் மணி, பபூன் முக்கால் மணி, முருகனும் நாரதரும் அரை மணி, நாரதர்–வள்ளி தர்க்கம் ஒரு மணி, வேடன்–வள்ளி தர்க்கம் ஒன்றரை மணி, கிழவர், யானை, மாலை மாற்றல் ஒரு மணி. 11.30-க்கு மங்களம் பாடிவிடலாம். 10 மணி வரைதான் அனுமதி என்றால் பபூன் பகுதியையும் தர்க்கங்களையும் சுருக்கி மூன்றரை மணியில் முடிப்பார்கள். ஆனால் அதை முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இந்த வகையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறீர்கள். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திக்கிறார்கள். நடுவில் வந்து 'சீக்கிரம் கல்யாணத்துக்கு வாங்க' என்றால் யார் எதை விடுவது? கிழவரை விட்டுவிட்டால் யானை எதற்கு வந்தது என்றே புரியாது.

புளியமரத்தில் கட்டும் கூம்புக் குழாய் ஒலிபெருக்கிகளையும் விட்டுவிடுங்கள். பக்கத்து ஊருக்குக் கேட்டால்தான் கௌரவம் என்கிறீர்கள். பக்கத்து ஊர்தான் புகார் கொடுக்கிறது. மேடையின் இருபுறமும் இரண்டிரண்டு பெட்டி ஸ்பீக்கர், கூட்டத்தைப் பார்த்துச் சற்றுக் கீழ்நோக்கி வைத்தால் போதும்.

பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கிறதோ! பாட்டின் நடுவே மைக்கைப் பிடுங்கி, 'அன்பளிப்பு ரூபாய் 101' என்று அறிவிக்கவும் நேரம் இருக்கிறது. முருகனே நேரில் வந்தாலும் வரிசையில் நின்று பொன்னாடை வாங்கிக்கொண்டுதான் வேடன் வேஷம் கட்ட வேண்டும் போல.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டுப் பிறகு நோட்டீஸ் அடியுங்கள். அதில் 'மாலை 6.30' என்று போடுங்கள். பொன்னாடையை மங்களத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நடிகைகள் வேஷம் கட்டப் பள்ளிக்கூட அறையோ சமுதாயக் கூடமோ கழிப்பறையோடு ஒதுக்கித் தாருங்கள். போன முறை பிடித்த பாதிச் சம்பளத்தையும், தயவுசெய்து, அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
நாடக மேடைக்குப் பின்னால் வேலை பார்ப்பவர்கள்