இலவசமாகத் தராதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்காக நடந்து நின்றுபோன நம் இதழை மறுபடியும் கொண்டுவரப் போவதாக நீங்கள் விடுத்த அறிவிப்பைப் படித்தேன். மாறிவரும் திருச்சபைக்கான சுதந்திரமான இதழாக அது இருக்கும் என்கிறீர்கள். வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் கடைசி வரியில் இதழ் இலவசமாக வழங்கப்படும் என்று போட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

இலவசம் என்றால் நமக்குத் தெரியாத யாரோ காசு கொடுக்கிறார் என்று பொருள். பழைய இதழின் கடைசிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அட்டையைத் திருப்பினால் நகைக்கடை விளம்பரம், அடுத்து வாழ்த்துச் செய்தி, அதற்கடுத்துக் கொடையாளர் குடும்பப் படம், பிறகு எங்கேயும் எப்போதும் பொருந்தக்கூடிய ஒரு தியானக் கட்டுரை. செய்தி என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. யாரும் மிரட்டி அப்படி ஆக்கவில்லை. படியளப்பவர் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை. லண்டனின் 'தி டேப்லட்' வார இதழை 1840இல் தொடங்கியவர் ஃபிரடெரிக் லூகாஸ் என்ற பொதுநிலையினர், அதாவது குருவாக இல்லாத விசுவாசி. 1868இல் அதை ஹெர்பர்ட் வாகன் என்ற குரு வாங்கினார். பிற்பாடு அவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயரும் கர்தினாலும் ஆனார். 1930களின் நடுவில் பொதுநிலையினர் சிலர் சேர்ந்து விலைக்கு வாங்கும்வரை அது திருச்சபை அதிகாரிகளின் கையில்தான் இருந்தது. கை மாறியிராவிட்டால், 1968இல் கருத்தடை பற்றித் திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதிய சுற்றுமடலோடு உடன்படவில்லை என்று அந்த இதழ் எழுதியிருக்க முடியுமா? அதன் கருத்தை நீங்களோ நானோ ஏற்க வேண்டியதில்லை. எழுத முடிந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

அதே 1968இல் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி ஆயர், 'நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்டர்' இதழைக் கண்டித்து, பெயரிலிருக்கும் 'கத்தோலிக்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார். அவர்கள் எடுக்கவில்லை, இன்றும் நடத்துகிறார்கள். நீங்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் யோசனை. திருச்சபைச் சட்டத்தின் 216ஆம் எண், அதிகாரியின் இசைவின்றி எந்த முயற்சியும் 'கத்தோலிக்க' என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. பெயர்ப்பலகைக்காக முதல் நாளே மல்லுக்கு நிற்பானேன்? அதே சட்டத்தின் 212ஆம் எண், திருச்சபையின் நன்மை குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் தெரிவிக்கும் உரிமையைப் பொதுநிலையினருக்குத் தருகிறது. சில வேளைகளில் அது கடமையே என்றும் சொல்கிறது. உங்களுக்கு அது போதும்.

இங்கே நாம் தயங்குவதற்குக் காரணம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1987இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 22 பேர் கைதானார்கள்; அவர்களில் சிலர் திருச்சபை அமைப்புகளில் பணியாற்றியவர்கள். அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னமும் பங்குப்பேரவை (ஆலயத்தின் ஆலோசனைக் குழு) கூட்டத்தில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். ஆகவே வீரவசனம் எதையும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. அச்சிட அனுமதி வாங்க வேண்டுமென்றால் முறைப்படி வாங்குங்கள். பிறகு, சரிபார்த்த செய்தியை நிதானமான தமிழில் போடுங்கள்.

செய்திக்கா பஞ்சம்? வத்திக்கானில் கூடிய உலக ஆயர் மாமன்றத்தின் நிறைவு ஆவணம் 2024 அக்டோபர் 26 அன்று வெளிவந்தது. நிதிக்குழு ஒழுங்காக இயங்க வேண்டும், ஆண்டுக் கணக்கு அறிக்கை வெளியிட வேண்டும், அது கூடுமானவரை வெளித் தணிக்கைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பங்குப்பேரவையைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறது. அதைத் திருத்தந்தை பிரான்சிஸ் தம் போதனையாகவே ஏற்றுக்கொண்டார். நடைமுறைப்படுத்தும் பணி 2028 அக்டோபரில் வத்திக்கானில் நடக்கவிருக்கும் கூட்டம்வரை தொடர்கிறது. இது நம் பங்குகளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? யாரும் திட்டி எழுத வேண்டாம். போய்க் கேட்டு எழுதினாலே பாதிப் பக்கம் நிறைந்துவிடும்.

மாறிவரும் திருச்சபை எது என்பதிலும் நாம் ஒத்துப்போக வேண்டும். ஓஃபிர் ரோட்டு லூர்து அன்னை ஆலயம் 1888இல் தமிழருக்கென்று திறக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலத் திருப்பலிக்குப் போகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். அப்படியானால் உங்கள் இதழைத் தமிழில் படிக்கப்போவது யார்? என்னைப் போன்ற கிழவர்களும், வேலை அனுமதியில் வந்திருக்கும் ஊழியர்களும்தான்.

அண்மையில் தமிழ்த் திருப்பலி முடிந்து படியிறங்கியபோது சிவகங்கைப் பக்கத்து இளைஞர் ஒருவர் வந்து நின்றார். சட்டை புதியது, நகக்கண்ணில் சிமென்ட் அப்படியே இருந்தது. "ஐயா, அடுத்த மாதம் முழுவதும் ஞாயிறும் வேலை. சனிக்கிழமை சாயந்திரப் பூசைக்குப் போனால் ஞாயிறு பூசைக் கணக்கில் சேருமா?" என்று கேட்டார். சேரும் என்றேன். உடனே அடுத்த கேள்வி: அவருடைய விடுதிக்குப் பக்கத்தில் எந்தக் கோயில், எத்தனை மணிக்கு, எந்த பஸ்? எந்த பஸ் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் இதழில் அந்தப் பட்டியல் வரட்டும், விடுதி வாரியாக. தலையங்கத்தை இரண்டாம் இதழில் படித்துக்கொள்கிறோம்.

அவரிடமும் காசு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சந்தாவை அவருக்குக் குறைத்துப் போடுங்கள், ஒரு சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தாலும் இருக்கட்டும். கொடுத்தவர்தான், என் விடுதி ஏன் பட்டியலில் இல்லை என்று உரிமையோடு கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்தை வெட்டாமல் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, சந்தாவில் எவ்வளவு வந்தது, விளம்பரத்தில் எவ்வளவு, யார் எவ்வளவு நன்கொடை தந்தார் என்று இரண்டாம் பக்கத்தில் கணக்குக் காட்டுங்கள். பங்கிடம் கேட்கப்போகிறவர்கள் தாங்கள் முதலில் காட்டுவதுதானே நியாயம்?

கடைசியாக, நடுப்பக்கத்தைத் திருவழிபாட்டு நாள்காட்டிக்கு ஒதுக்காதீர்கள். அது எல்லார் வீட்டுச் சமையலறையிலும் தொங்குகிறது. பணம் அனுப்புவதற்கான பேநவ் எண்ணைத் தெரிவித்தால் ஈராண்டுச் சந்தாவை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
தோ பாயோ