ஓ.டி. என்றால் ஆபரேஷன் இல்லை

ஐயா,

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் 'ஓ.டி.க்கு வரவும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த ஓ.டி. ஆபரேஷன் தியேட்டர்தான். "கத்தி வைக்கவா கூப்பிடுதாவ? நான் வரலட்டி" என்று அம்மா அழுத அழுகையில் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பக்கவாதத்தில் கை அதிகம் தேறுவது முதல் சில மாதங்களில்தான் என்று பிறகு தெரிந்தபோது வயிறு எரிந்தது.

அந்த ஓ.டி., ஆக்குபேஷனல் தெரபி. 'தொழில்வழிச் சிகிச்சை' என்று சொன்னதும், "எழுபது வயசுல எனக்கு என்ன தொழிலுட்டி?" என்றாள் அம்மா. இங்கே தொழில் என்பது கூலிக்குப் பார்க்கும் வேலை மட்டுமல்ல. பல் தேய்ப்பது, ஜாக்கெட் கொக்கி மாட்டுவது, சோறு பிசைந்து உண்பது, பேத்திக்குத் தலை சீவுவது என்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒரு ஆள் செய்வதெல்லாம் அதில் அடக்கம். பிசியோதெரபியில் கைக்கு அசைவும் பலமும் வரப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே, அந்தக் கையால் என்ன செய்ய ஆசை என்று அம்மாவிடமே கேட்டார்கள்.

அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவள். தெரபிஸ்ட் பீடி இலையையே கொண்டுவரச் சொன்னார், தூள் மட்டும் வேண்டாம் என்று. முதலில் நனைத்த இலையை மடியில் வைத்து நீவுவது. அடுத்து பெருவிரல் பருமனுக்குச் சுருட்டுவது. அது கைக்கு வந்தபின் இன்னும் சன்னமாக. இலை நழுவி விழுந்தால் அம்மாவே கோபப்பட்டு மறுபடி எடுப்பாள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னபோது அந்த ரோஷம் வரவில்லை. ஜாக்கெட் போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இது தெரியாமல் நாங்கள் பிடித்து இழுத்து அவள் தோளை நோகடித்திருக்கிறோம். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிய பிறகு தானே உண்கிறாள்.

மும்பையில் இந்தப் படிப்பு தொடங்கியது 1950-ல். இன்னும் எங்கள் ஊரில் பெயர்கூடத் தெரியவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. இதையும் அதோடு சேர்க்க வேண்டும். அதுவரை, சீட்டில் இரண்டு எழுத்தோடு நிறுத்தாமல், 'கை வேலை பழக்கும் சிகிச்சை, ஆபரேஷன் அல்ல' என்று தமிழில் எழுதிக் கொடுக்க ஆஸ்பத்திரிகள் முன்வர வேண்டும்.

பீடித் தொழிலாளியின் மகள்,
முக்கூடல்.