போல்ட்டை இறுக்கினால் மட்டும் ஒழுகல் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று காயாதவர்கள் எங்கள் பக்கம் யாரும் இல்லை. போன தை மாதம் அப்படி நின்றபோது, வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மா ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, வண்டிக்கு அடியில சிவப்பா எண்ணெய் ஒழுகுதே" என்றார். கேட் திறந்ததும் டிரைவில் போட்டால் கார் நகரவில்லை, இன்ஜின் மட்டும் உறுமியது, கொஞ்சம் கழித்து வெடுக்கென்று பாய்ந்தது. முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் போய், பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவன் நான். கியர் பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான ஆயில் பேன் ஒழுகி, இரண்டு முறை "சரி பண்ணி" எடுத்து வந்த வண்டி அது.

என்ன சரி பண்ணினார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். முதல் ஒர்க் ஷாப்பில் போல்ட்டையெல்லாம் இன்னும் ஒரு சுற்று முறுக்கி, ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றி அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் முன்னைவிட அதிகமாக ஒழுகியது. இரண்டாவது இடத்தில் பேனைக் கழற்றாமலேயே வெளிவிளிம்பில் பசை பூசினார்கள். மூன்றாவது இடத்தில் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும், லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

கடைசியில் கும்பகோணத்தில் ஆட்டோமேட்டிக் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, முதலில் அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, சும்மா டால்கம் பவுடரைத் தூவி, வலங்கைமான் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவரச் சொன்னார். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும், அதனால் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறாக இருக்கலாம், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் குழாயில் கசிவதோ மேலே ஒரு ஆயில் சீலில் வழிவதோகூட பேனின் விளிம்பில் வந்துதான் சொட்டும். என் வண்டியில் பவுடர் நனைந்திருந்தது பேன் பேக்கிங்கை ஒட்டித்தான்.

கழற்றிப் பார்த்தால் விளிம்பு போல்ட் ஓட்டைகளைச் சுற்றி உப்பியிருந்தது. முறுக்கி முறுக்கி வந்த வினை. தகரப் பேன் அது, அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பல கார்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்குத்தான், வீல் நட்டுக்குப் போடுவதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கம்பெனிக் கணக்கைப் பார்த்து, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து, நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அதிகமாக முறுக்கினால் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும், அலுமினிய உடம்பில் மரையே போய்விடும், அப்புறம் அது தனிச் செலவு. அவர் விளிம்பை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி, கண்ணாடிப் பலகையில் வைத்து மட்டம் பார்த்தார். பழைய பேக்கிங்கைக் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, புது பேக்கிங், வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர், புது ஃபில்டர் எல்லாம் போட்டார். பசை கூடாது என்பதில் கறார். என் வண்டிக்கு ரப்பர் பேக்கிங் (சில கார்களுக்குப் பசையேதான் பேக்கிங், அது வேறு விஷயம்), பிதுங்கிய பசைத் துணுக்கு உள்ளே போனால் ஃபில்டரை அடைக்கும். பேனுக்குள் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறுபோல் மெல்லிய தூள்தான் ஒட்டியிருந்தது. தேய்மானம் அப்படித்தான் இருக்கும், சில்லு சில்லாக இரும்பு இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்றார். எண்ணெயும் அந்த வண்டிக்குச் சொன்ன வகைதான், சி.வி.டி. என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் வண்டிக்கு உள்ளதை இதில் ஊற்றக்கூடாது. சூடேறியபின், இன்ஜின் ஓடும்போதே அளவு பார்த்தார். மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம். ஒரு சம்பா அறுவடை முடிந்துவிட்டது, காலையில் வண்டிக்கு அடியில் போடும் அட்டை இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.

சொட்டுத்தானே என்று விடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறுவடைக் காலத்தில் நம் சாலையெல்லாம் வைக்கோலும் உளுந்துச் செடியும் காய்கிறது. அது அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றும் என்று டிரைவர்களுக்குத் தெரியும். அந்த அடிப்பக்கம் எண்ணெயில் ஊறியும் இருந்தால் என்ன ஆகும்? பூச்சு இல்லாத வேகத்தடைகளும் மதகுமேட்டுத் திருப்பங்களும் வேறு. அடி வாங்கியதாகத் தோன்றினால் இறங்கி ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வேண்டும்.

தங்கள் நாளிதழ் வாரம் ஒரு நாள் வண்டிப் பராமரிப்புக்கு அரைப் பக்கமாவது ஒதுக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைக் கழற்றிப் பூட்டும் பயிற்சியும், டார்க் ரெஞ்ச் பழக்கமும் கட்டாயம் வேண்டும் என்றும் எழுதுங்கள். இன்னொன்று, எடுத்த பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-இல் சட்டம் வந்தது. மேட்டூர் தண்ணீர் வந்ததும் அந்த எண்ணெய் நேரே நாற்றங்காலுக்குத்தான் போகும். கும்பகோணத்து மெக்கானிக் அதைக் கேனில் பிடித்து மூடி, பழைய எண்ணெய் எடுப்பவருக்கென்று ஓரமாக வைத்தார்.

இப்படிக்கு,
வலங்கைமான் வட்டத்து வாசகர்