மைலோ டின்னில் இருப்பதை எறிந்துவிடாதே

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. பதில் எழுத ஒன்பது நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அந்த ஒன்பது நாளும் எதில் போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் உன் கண். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. குனிந்து பாரம் தூக்காதே. அண்ணன் வீட்டைக் காலி செய்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடு. தங்கச்சி சொல்வதைக் கொஞ்சம் கேள்.

இப்போது நீ கேட்ட விஷயம். அண்ணன் வீட்டுக் கொட்டகையில் ஒரு மைலோ டின், உள்ளே 1974-ஆம் வருடத்துத் தமிழ் நேசன் தாளில் சுற்றி ஏதோ ஒரு சாமான், ஒரு முனையில் கறுப்பு மூடி, மறுமுனையில் அலுமினியம், குழாய் மாட்டுகிற இரண்டு வாய், எறிந்துவிடவா என்று கேட்டிருந்தாய். எறியாதே. அது காரில் மாட்டுகிற எஸ்.யூ. கம்பெனிப் பெட்ரோல் பம்ப். நம் தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பெரிய கிராணியின் மோரிஸ் மைனரில் இருந்தது அதே வகைதான். உன் கடிதத்தைப் படிக்கும்போது அதே வகைப் பம்ப் ஒன்று என் மேசையில் பிரித்துக் கிடந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காரை உனக்கு ஞாபகம் இருக்கும். 1960-இல் வந்த நான்கு கதவு மைனர் ஆயிரம், 948 சிசி என்ஜின், ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் நம்முடைய பேராக் நம்பர். வண்டி திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை எழும்பி விளக்குக் காட்டுமே, அதைப் பார்ப்பதற்காகவே நாம் இரண்டு பேரும் லயத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் பின்னாலேயே ஓடுவோம். சனிக்கிழமை வண்டி கழுவினால் ஆளுக்குப் பத்து காசு. உன் அண்ணன் அப்போது டிரைவர். அந்த 1960-இல்தான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. சங்கத்தில் ஆள் சேர்க்கக் கிராணி தோட்டம் தோட்டமாகப் போனது இந்தக் காரில்தான், ஓட்டிப் போனது உன் அண்ணன்தான். செம்மண் பாதையில் எந்த இடத்தில் வண்டி படுத்துவிட்டாலும் அவர்தான் இறங்கி பானெட்டைத் திறப்பார்.

கிராணியின் மகனிடமிருந்து நான் காரை வாங்கிப் பதினொரு வருடமாகிறது. அதற்கு முன்னால் சில வருடம் அது வேறொரு ஊர்ப் பட்டறையில் கிடந்தது. அங்கே என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் சாமி விளக்கு ஏற்றப் போன என் வீட்டுக்காரி, தீக்குச்சியை உரசாமல் கையில் வைத்தபடியே வெளியே வந்து, “பெட்ரோல் வாடை அடிக்குது, பாருங்க” என்றாள். கார் போர்ச்சில் நிற்கிறது, சாமி மாடம் அதற்கு அந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது. அவள் மட்டும் யோசிக்காமல் குச்சியை உரசியிருந்தால்! இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒரு சொட்டுத்தானே, நாளைக்குப் பார்ப்போம் என்று பெட்ரோல் விஷயத்தில் யாரும் சொல்லவே கூடாது. மைனரில் பம்பும் பேட்டரியும் என்ஜினுக்குப் பின்னால் இருக்கிற ஒரே தகட்டில்தான் இருக்கின்றன. பம்புக்குள்ளேயே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற பாயிண்ட் பொறி அடிக்கிறது. அன்றைக்கே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, காரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினேன்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பெட்ரோல் பரவும், காயும், ஓரிடத்தில் கசிந்து வேறிடத்தில் சொட்டும். பம்பைத் துணியால் நன்றாகத் துடைத்து, சுற்றிலும் முகப்பவுடரைத் தூவினேன். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இந்தப் பம்பின் சத்தம் உனக்கு மறந்திருக்காது. டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும், கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும், அதற்குப் பிறகுதான் அண்ணன் ஸ்டார்ட்டரை இழுப்பார். இந்தத் தடவை அது நிற்கவே இல்லை. என்ஜின் ஓடாதபோதும் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் பெட்ரோல் எங்கோ போகிறது என்றுதான் அர்த்தம். இரண்டு நிமிடத்தில் பவுடர் இரண்டு இடத்தில் நனைந்தது. மேல் குழாய் மாட்டுகிற இடத்தில் லேசாக, அலுமினிய உடம்பும், ‘காயில்’ என்கிற கம்பிச் சுருள் இருக்கிற இரும்புக் கூடும் சேருகிற விளிம்பில் நன்றாக. முதலாவது வெறும் ஃபைபர் வாஷர். இரண்டாவது டயாபிரம், பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிற மெல்லிய சவ்வு.

ஈப்போவில் பழைய கார் சாமான் விற்கிற கடைப் பையன் நல்ல பிள்ளை. “புது எலக்ட்ரிக் பம்ப் மாட்டிடலாம் அங்கிள், அரை மணி நேர வேலை” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை, நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கண்ட பம்பையும் மாட்டினால் அழுத்தம் கூடிவிடும். மைனரின் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்துகிற ஊசி, பழைய பம்பின் மெல்லிய அழுத்தத்துக்குச் செய்தது. கூடுதலாக அழுத்தினால் ஊசி தாங்காது, கார்புரேட்டரே வழியும். ஓர் ஒழுகலை அடைக்கப் போய் இன்னோர் ஒழுகலை வாங்கி வருவதா? அதுவும் போக, இந்தப் பம்பில் திறக்க முடியாத பாகம் என்று ஒன்று கிடையாது. காயில் காந்தமாகி டயாபிரத்தை இழுக்கும், பின்னால் இருக்கிற டாங்கியிலிருந்து பெட்ரோல் ஏறும். இழுப்பு முடிந்ததும் பாயிண்ட் பிரிந்து கரண்ட் நிற்கும், ஸ்பிரிங் டயாபிரத்தைத் திருப்பித் தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். தள்ளி முடித்ததும் பாயிண்ட் மறுபடி சேரும். அவ்வளவுதான் அதன் முழு வாழ்க்கை. தேய்கிறதை எல்லாம் மாற்றலாம். இங்கிலாந்திலிருந்து டயாபிரம், வாஷர், பாயிண்ட் எல்லாம் ஒரே பொட்டலமாக இன்றைக்கும் தபாலில் வருகிறது. எனக்கு மூன்று வாரத்தில் வந்தது.

நீ கடிதம் போட்ட நேரத்தில் நான் பிரித்துக்கொண்டிருந்தேன். டாங்கியிலிருந்து வரும் குழாயை அடைத்து, பம்பைக் கழற்றி, வாசலில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். காயில் கூட்டை உடம்போடு சேர்த்துப் பிடிப்பது ஆறு திருகு. ஆறையும் கழற்றினால் விளிம்பைச் சுற்றிச் சிவப்புப் பசை, கட்டி கட்டியாக. அந்தப் பட்டறையில் யாரோ ஒழுகலைப் பசையால் அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். டயாபிரத்தில் பசையே படக் கூடாது, அது பிய்ந்து வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கேயும் போயிருந்தது. அதனால்தான் வால்வும் சரியாக மூடவில்லை. டயாபிரம் விறைத்துப் போய், மடிக்கிற இடத்தில் வெடிப்பு.

டயாபிரத்தை இடப் பக்கமாகச் சுழற்றினால் கழன்று வரும். அப்போது அதன் கழுத்தைச் சுற்றியிருக்கும் பித்தளை உருளைகள் பொலபொலவென்று உதிரும். மொத்தம் பதினொன்று. எண்ணினேன், பத்துதான். மறுபடி எண்ணினேன், பத்துதான். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். உடுப்புக்கூட மாற்றவில்லை. வாசலில் முட்டி போட்டுத் தேடி, சாக்கடை மூடியின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு சாமானும் என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நாம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே.

இனி வருவதுதான் கைப்பக்குவம். நிதானமாகப் படி, ஒரு நாள் உனக்கே தேவைப்படும். ஸ்பிரிங்கைக் காயிலுக்குள் வைத்து, உருளைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, பம்பைப் படுக்கை வசமாகப் பிடித்துக்கொண்டு டயாபிரத்தைத் திருக வேண்டும். பாயிண்டைச் சேர்த்துப் பிரிக்கிற துள்ளு கட்டை துள்ளாமல் நிற்கிற வரைக்கும் உள்ளே திருகு. பிறகு ஒரு துளை, ஒரு துளையாகப் பின்னால் திருப்பி, ஒவ்வொரு தடவையும் கட்டை விரலால் நடுவில் சீராக அழுத்திப் பார். முதல் முறை கட்டை துள்ளுகிற இடம் வந்ததும் அங்கிருந்து இன்னும் நான்கு துளை பின்னால். விளிம்பில் ஆறு துளை, ஆகவே நான்கு துளை என்பது மூன்றில் இரண்டு சுற்று. இது ஒரு துளை தவறினாலும் பம்ப் தயங்கும். நான் மூன்று தடவை கழற்றி மாட்டினேன். அழுத்துகிற விரல் அவசரப்பட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஆறு திருகையும் இறுக்குவதற்கு முன்னால் டயாபிரத்தை இழுத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சுருங்கியபடியே இறுகி, சீக்கிரம் கிழியும். அதற்கு ஒரு தீக்குச்சி போதும். துள்ளு கட்டையின் வெள்ளை உருளைக்குப் பின்னால் செருகிவிட்டு, எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி இறுக்கு. முடிந்ததும் குச்சியை எடுத்துவிடு.

உடனே காரில் மாட்டவில்லை. ஒரு டின்னில் மண்ணெண்ணெய் வைத்து, பம்பைத் திண்ணை உயரத்தில் பிடித்துப் பேட்டரியைக் கொடுத்தேன். டிக் டிக் டிக். மண்ணெண்ணெய் மேலே ஏறிப் பீய்ச்சியது. வாயை விரலால் அடைத்தேன், நின்றுவிட்டது. விரலை எடுத்தேன், மறுபடி அடித்தது. பேத்தி கை தட்டினாள். அதற்கப்புறம்தான் காரில் மாட்டினேன். விளிம்பில் பவுடர் தூவி ஒரு ராத்திரி முழுக்க விட்டேன், காலையில் காய்ந்தபடியே இருந்தது.

நேற்று வெள்ளோட்டமாகக் கோலகங்சார் வரைக்கும் போய் வந்தோம். ஹைவேயில் ஏறவில்லை, பழைய சடக்கில்தான். 1877-இல் அங்கே கொண்டுவந்து நட்ட ரப்பர்க் கன்றுகளின் கடைசி மரம் என்று காட்டுவார்களே, அதற்குப் பக்கத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்து பம்பை முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனைதான். நம் தோட்டத்தில் லயம் இருந்த இடத்தைப் பேத்திக்குக் காட்டினேன். மாரியம்மன் கோயிலும் கிணறும் மட்டும் இருக்கின்றன.

அப்புறம், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பசையைச் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவியபோது, அலுமினியத்திலும் இரும்பிலும் குறுக்காக இரண்டு கீறல் தெரிந்தது. அரத்தால் போட்டது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு. திருப்பி மாட்டும்போது இரண்டு பாதியும் அதே நேரில் வருவதற்கான அடையாளம். உன் அண்ணன் எதைப் பிரித்தாலும் முதலில் அரத்தை எடுத்து இரண்டு கோடு போடுவார். ஒரு கோடு தற்செயலாகவும் விழும், இரண்டு விழாது என்பார். ஆபீஸ் தண்ணீர் பம்பில், கிராணியின் தையல் மெஷினில், என் அப்பாவின் சைக்கிளில் எல்லாம் அந்த இரண்டு கோடு இருந்தது. பதினொரு வருடமாக இந்தப் பம்பைத் தொட்டுத் துடைத்திருக்கிறேன், பசைக்கு அடியில் அவர் கை இருந்தது தெரியாமல் போய்விட்டது.

நான் நினைப்பது இது. 1974-இல் அவர் இந்தப் பம்பை எங்கோ வாங்கிக் கொண்டுவந்து மாட்டியிருப்பார். உன்னிடம் இருப்பது வண்டியோடு வந்த முதல் பம்பாக இருக்கலாம். சாமான் கிடைத்தால் சரி பண்ணிவிடலாம் என்று சுற்றி வைத்திருப்பார். வேலை மாறி, வீடு மாறி, கிள்ளானுக்குப் போனபோதும் அதைக் கூடவே எடுத்துப் போயிருக்கிறார் பார்.

கண் தெளிந்ததும் டின்னைத் திறந்து பார். நீ குனிய வேண்டாம், மகனை எடுத்துவரச் சொல். அலுமினியமும் இரும்பும் சேருகிற விளிம்பைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல். இரண்டு கோடு இருக்கிறதா என்று எனக்கு உடனே எழுது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்பை எடுத்துக்கொண்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வா. சுங்கை சிப்புட் ஸ்டேஷனுக்கு மைனரைக் கொண்டு வருகிறேன். டயாபிரம் இன்னும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி