அம்மாவின் நாக்குக் கட்டி

மச்சான்,

ரிப்போர்ட் படம் கிடைத்தது. முதல் வேலையாக அம்மாவிடம் போய்ச் சொல், இது புற்றுநோய் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய், நாக்கில் கட்டி என்றதும் நீங்கள் எல்லாரும் நடுங்கியதில் தப்பே இல்லை.

ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிற கிரானுலர் செல் டியூமர் என்ற இந்தக் கட்டி எதிலிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். டாக்டர்களுக்கே அது தெளிய ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1926இல் அப்ரிகோசோவ் என்ற ரஷ்ய டாக்டர், தசை நார்களுக்கு நடுவே இது கிடப்பதைப் பார்த்து, தசைச் செல்லின் பிள்ளை என்று முடிவு கட்டி மயோபிளாஸ்டோமா என்று பெயரும் வைத்துவிட்டார். 1980களில் எஸ்-100 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தபோதுதான் இது நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லின் வகையறா என்று பலரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தச் சாயம் போடுவதுதான் லேபில் என் பிழைப்பு. கட்டித் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டையை நாலு மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, பிரஷர் குக்கரில் அவித்து (ஆமாம், பருப்பு அவிக்கிற மாதிரியான குக்கரேதான்), அப்புறம் எஸ்-100ஐ மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். பிடித்த இடமெல்லாம் கடைசியில் கடும் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். நான் கட்டியை முதலில் பார்ப்பதில்லை, ஓரத்தில் ஒரு சின்ன நல்ல நரம்பு இருக்கிறதா, அது பழுப்பாகியிருக்கிறதா என்றுதான் தேடுவேன், சாயம் சரியாக வேலை செய்ததா என்று அதுதான் சொல்லும். போன கிழமை ஒரு ஸ்லைடில் அந்த நரம்பே நீலமாகக் கிடந்தது, பேசாமல் முதலிலிருந்து மறுபடி செய்தேன்.

சாயத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இதே கட்டி சிடி68 என்ற இன்னொரு புரதத்தைத் தேடும் சாயத்துக்கும் பழுப்பாகும், அதை மேக்ரோபேஜ் என்ற, கிருமியை விழுங்குகிற செல்லின் அடையாளம் என்று படித்தவன் ஏமாந்துபோவான். அது லைசோசோமில், அதாவது செல்லுக்குள் கழிவை அரைக்கிற குட்டிப் பையில் இருக்கிற புரதம், இந்தச் செல்களுக்குள் குருணை குருணையாகத் தெரிவதெல்லாம் லைசோசோம். செல் இப்போது கையில் என்ன வைத்திருக்கிறது என்பதைத்தான் சாயம் காட்டும். பிறந்த ஊரை நாமாகத்தான் ஊகிக்க வேண்டும், 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் மலையகத் தாத்தாமாரிடம் பிறப்புப் பத்திரம் கேட்டார்களே, அவர்கள் எங்கே போவார்கள் அதற்கு! அதனால் ஒரு சாயத்தோடு நிறுத்தாமல் ஷ்வான் செல்லுக்கு சாக்ஸ்10, தசைக்கு டெஸ்மின் என்று இன்னும் சிலதையும் போட்டுப் பார்ப்போம்.

நல்ல காலம், உங்கள் டாக்டர் ஆழமாகத் துண்டு எடுத்திருக்கிறார். இந்தக் கட்டிக்கு மேலே உள்ள சவ்வு சில நேரம் தாறுமாறாகப் பெருகி வேர் விட்ட மாதிரி கீழே இறங்கும், மேலாகக் கிள்ளி எடுத்தால் புற்றுநோய் என்றே தோன்றும்.

வெட்டி எடுத்த துண்டின் விளிம்பில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்று அடுத்த கிளினிக்கில் மறக்காமல் கேள், நீ எடுத்த படத்தில் அந்த வரி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. மகளின் ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்ததா? பொங்கலுக்கு லீவு கிடைத்தால் ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிடுவேன், அம்மாவின் வெற்றிலைப் பையை நான் வருவதற்குள் ஒளித்து வை.

கண்டியிலிருந்து,
உன் பழைய பெஞ்சுக்காரன்