அவர் திரும்பிய வயதில் நீ புறப்படுகிறாய்

அன்புத் தங்கைக்கு,

இந்த மாதம் உனக்கு 44 வயது நிறைகிறது. நீ ஏன் மறுபடியும் நியூயார்க் போகிறாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமா அந்த நகரத்தை விட்டு ஜப்பானுக்குத் திரும்பிய 1973-ஆம் ஆண்டில் அவருக்கும் 44 வயதுதான் என்று உன்னிடம் கணக்குச் சொன்னவள் நான். அதைச் சொன்ன விதத்துக்காகத்தான் இந்தக் கடிதம். நேரில் பேச மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன். உன் ஓவியத்தை நான் குறைத்துப் பேசியது உறவினர்களின் முன்னால் என்பதால், இதையும் அவர்கள் படிக்கக்கூடிய இடத்திலேயே எழுதுகிறேன்.

2017-இல் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய கண்காட்சி நடந்தபோது நீ நியூயார்க்கிலிருந்து இரண்டு வார விடுப்பில் என்னிடம் வந்திருந்தாய். சுவரெங்கும் கண்ணாடி பதித்த அவருடைய அறைகளுக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது. நீ அங்கே நிற்காமல் நேராக ஒரு வலை ஓவியத்தின் முன் போய் நின்றாய். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, எல்லோரும் இதைப் புள்ளி என்கிறார்கள். இதில் புள்ளியை அவர் வரையவே இல்லை. சின்னச் சின்ன வளைவுகளாக வலையை மட்டும் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். அடியில் இருக்கும் நிறம் மூடப்படாமல் மிஞ்சிய இடம்தான் புள்ளி" என்றாய். மணிக்கட்டை மட்டும் அசைத்து அந்த வளைவைக் காற்றில் போட்டுக் காட்டினாய்; ஒன்று, இன்னொன்று, அதன் மேல் தொற்றிக்கொண்டு இன்னொன்று. ஓவியத்துக்கு மிக அருகில் போய்விட்டதால் காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். நீ ஓரடி பின்வாங்கினாயே தவிர, கை நிற்கவில்லை. உன் விரல் இடுக்குகளில், கழுவியும் போகாத வெள்ளை வண்ணம் இருந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன்: "இவ்வளவு செய்தும் அவர் கடைசியில் ஊருக்குத் திரும்பித்தானே வந்தார்." நீ கையை இறக்கிவிட்டாய். அடுத்த ஆண்டு அறையைக் காலி செய்துவிட்டு வந்தாய்.

எனக்கும் காரணங்கள் இருந்தன. நீ மெலிந்து போயிருந்தாய். வாடகைக்காக இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் வரைந்துகொண்டிருந்தாய். அம்மாவின் உடல்நிலை எனக்குத் தெரிந்த அளவு உனக்குத் தெரியாது. உன்னைத் திரும்ப அழைக்க எனக்கு ஒரு சான்று தேவைப்பட்டது, அதை உனக்குப் பிடித்தவரின் வாழ்க்கையிலிருந்தே எடுத்தேன். ஆனால் ஒரே ஒரு ஆண்டைத்தான் எடுத்தேன். மற்ற ஆண்டுகளை நீ போன பிறகு, தாமதமாகப் படித்தேன்.

1957-இல் 60 பட்டுக் கிமோனோக்களையும் 2,000 சிறு ஓவியங்களையும் விற்றுப் பிழைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனவர் அவர். நியூயார்க்கில் பழைய கதவு ஒன்றைக் கட்டிலாக்கிப் படுத்ததையும், குப்பையிலிருந்து மீன் தலைகளைப் பொறுக்கிக் கஞ்சி வைத்ததையும் அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தன்னைவிட உயரமான கான்வாஸ் ஒன்றை 40 தெருக்கள் சுமந்துபோய் விட்னி அருங்காட்சியகத்தின் தேர்வுக்குக் கொடுத்து, அது ஏற்கப்படாமல், காற்றில் தடுமாறியபடி அதே 40 தெருக்களையும் திரும்பச் சுமந்து வந்ததைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ எத்தனை முறை அப்படிச் சுமந்திருப்பாய் என்று நான் கேட்டதே இல்லை. 1959-இல் பிராட்டா காட்சிக்கூடத்தில் அவர் வைத்த வெள்ளை வலைகளைப் பாராட்டி எழுதிய கலை விமர்சகர் டொனால்ட் ஜட், தானும் ஒன்றை 200 டாலருக்கு வாங்கிக்கொண்டார். ஜட் வைத்திருந்த வலை ஓவியம் ஒன்று 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன செய்தியை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த 200 டாலரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வலை எப்படிச் சிற்பமானது என்பதை நீ ஒரு முறை தொலைபேசியில் விளக்கியபோது நான் சரியாகக் கேட்கவில்லை. இப்போது புரிகிறது. கான்வாஸின் விளிம்பில் நிற்காத வளைவு சுவரைத் தாண்டி அறைக்குள் வந்துவிட்டது. துணியைத் தைத்து, பஞ்சை அடைத்து, ஒரு பழைய நாற்காலி முழுவதையும் 1962-இல் அவர் முளைகளால் மூடினார். மறு ஆண்டு ஒரு படகை அதேபோல் மூடி, அந்தப் படகின் 999 படங்களைச் சுற்றிலும் ஒட்டினார். தூரிகையை அசைத்த அதே பொறுமைதான் ஊசியிலும் இருந்திருக்கிறது. 1966-இல் வெனிஸ் பியன்னாலே என்னும் உலகக் கலைக் கண்காட்சியில் ஜப்பானின் பிரதிநிதியாக அழைக்கப்படாமலேயே போய், புல்தரையில் முகம் தெரியும்படி கண்ணாடிபோல் மின்னும் 1,500 பந்துகளைப் பரப்பி, பந்து 1,200 லிரா என்று விற்கத் தொடங்கினார். அமைப்பாளர்கள் விற்பனையை நிறுத்தினார்கள். அதே பியன்னாலேக்கு, தன் நாட்டின் அரங்கிலேயே, 1993-இல் போனார். இடையில் 27 ஆண்டுகள். அவற்றில் பெரும்பகுதியை அவர் டோக்கியோவில், 1977 முதல் தானாகவே விரும்பித் தங்கிய மனநல மருத்துவமனையிலும் அதன் அருகிலிருந்த தன் பணியறையிலும் கழித்தார். வேலையை நிறுத்தவில்லை. நான் முடிவு என்று உனக்குக் காட்டியது இந்த நீண்ட வேலைநாளைத்தான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நீயும் அவரை உனக்கு வேண்டிய அளவுக்கே எடுத்துக்கொண்டாய். குசாமாவின் அம்மா, மகள் வரைந்துகொண்டிருந்த தாள்களைப் பிடுங்கிக் கிழித்தவர். இனி இந்த வீட்டுப் படியேறாதே என்று பணம் கொடுத்து அனுப்பியவர். நீ அவரைச் சான்றாக வைத்து, குடும்பத்தை உதறினால்தான் கலை என்று என்னிடம் பேசினாய். நம் அம்மா உன் வண்ணங்களுக்காக வளையலை அடகு வைத்தவர். அவருக்கு நீ எழுதிய கடிதங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவற்றைப் படித்துக் காட்டியவள் நான்தான். அம்மா மருத்துவமனையில் இருந்த அந்த வாரத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். இதைப் படிப்பவர்களில் பலர் அங்கே இருந்தவர்கள். நீ வந்து சேர்ந்த நாளை மட்டும் நீயும் நானும் மறக்காமல் இருந்தால் போதும். உன்னை நான் திரும்ப அழைத்ததில் தவறு இருந்தது. அழைக்க வேண்டிய தேவை இருந்ததில் தவறு இல்லை.

இதை எழுதிவிட்டு உடனே அழித்துவிட நினைத்தேன். உன் மணிக்கட்டு இப்போதும் வலிக்கிறதா? குளிர் தொடங்கும் முன் அந்தக் கம்பளிக் கையுறையை எடுத்துக்கொள்.

அமெரிக்கா புறப்படுவதற்கு முன் அவர் தன் ஓவியங்களில் ஆயிரக்கணக்கானவற்றைத் தன் வீட்டின் அருகே ஆற்றங்கரையில் எரித்துவிட்டுப் போனாராம். நீ எதையும் எரிக்கவில்லை, என்னிடம் விட்டுவைத்தாய். நான் அவற்றைப் பழைய மின்விசிறிக்கும் அரிசிப் பெட்டிக்கும் பின்னால் அடுக்கினேன். 11 கான்வாஸ் சுருள்களையும் நேற்று வெளியே எடுத்தேன். கப்பலில் அனுப்பப் பணம் கட்டிவிட்டேன், நீ மறுக்க வேண்டாம். மூன்றாவது சுருளின் ஓரத்தில் ஈரம் ஏறி, உள்ளங்கை அகலத்துக்குப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. துணியை எடுத்துக்கொண்டு வந்தேன், ஆனால் துடைக்கவில்லை. அந்த இடத்தில் உன் வளைவுகள் இருக்கின்றன. என் கை பட்டால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அந்த ஒன்றை மட்டும் கட்டாமல் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். புறப்படும் முன் வந்து, என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்.

உன் அக்கா